ஒரு நிறுவன நடத்தையியல் ஆய்வாளரின் மேற்கோள் தாக்கத்தை அறிவது எப்படி? மலையில் இருந்தபடியே செய்ய ஒரு முழு வழிகாட்டி

நிறுவன நடத்தையியலில் பிஎச்.டி. செய்பவருக்கு நீலகிரியில் களத்துக்குப் பஞ்சமே இல்லை. தேயிலைத் தோட்டம், சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் பாக்டரி, சீசனுக்கு மட்டும் ஆள் எடுக்கும் ஓட்டல், அரசின் தேயிலைக் கழகமான டேன்டீ, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, இயங்காமல் போன இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். வேலையிடத்தில் மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேட்க இதைவிட வேறென்ன வேண்டும்? திணறல் வருவது இரண்டாம் அத்தியாயத்தில்தான், இலக்கிய மீளாய்வு, அதாவது நமக்கு முன் வந்த ஆய்வுகளின் அலசல், எழுத உட்காரும்போது. யாருடைய கோட்பாட்டின் மேல் நம் ஆய்வை நிறுத்துகிறோமோ, அவருடைய வேலை எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எங்கே போயிருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரைத் திறந்து, அவரை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை எடுத்து, "இவர் உலகப் புகழ்பெற்றவர், எச்-இண்டெக்ஸ் இவ்வளவு" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் (எச்-இண்டெக்ஸ் என்பது கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோளையும் ஒரே எண்ணாக்கும் அளவு, கணக்கு படி 5-ல்). நூலகத்தில் என் மேசைக்கு வரும் மாணவர்கள் கேட்பதும் அதைத்தான்: "மேடம், எச்-இண்டெக்ஸ் பன்னிரண்டுன்னா நல்லதா, சுமாரா?" யாரோடு ஒப்பிட்டு என்று திருப்பிக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எண்ணை முறையாக எடுக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஆய்வாளரை மேற்கோள் காட்டிய ஒரு முப்பது இடங்களையாவது திறந்து படிக்காதவர், அவருடைய தாக்கத்தைப் பற்றி இன்னும் எதுவும் தெரிந்துகொள்ளவில்லை என்றுதான் நான் சொல்வேன். கீழே இருக்கும் படிகள் அந்த முப்பதை நோக்கித்தான் போகின்றன.

படி 1: எதற்காகப் பார்க்கிறீர்கள்?

ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இலக்கிய மீளாய்வுக்கா, நெறியாளரைத் தேர்ந்தெடுக்கவா, பதவி உயர்வுப் படிவத்துக்கா, கல்லூரியின் என்.ஐ.ஆர்.எஃப். (தேசியத் தரவரிசை) தரவுக்கா? படிவத்துக்கு என்றால் அவர்கள் கேட்கும் தரவுத்தளத்தில் அவர்கள் கேட்கும் எண்ணை எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. என்.ஐ.ஆர்.எஃப். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இரண்டு மேற்கோள் தரவுத்தளங்களைத்தான் பார்க்கிறது, கூகுள் ஸ்காலர் எண்ணை அங்கே யாரும் கேட்பதில்லை. மற்ற எந்தக் காரணமாக இருந்தாலும் மேலே படியுங்கள்.

படி 2: ஆளை உறுதி செய்யுங்கள்

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. தமிழ்ப் பெயர்களுக்கோ இதுதான் மிகவும் முக்கியம்.

நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் பெரிதாக இல்லை. முதலெழுத்தும் பெயரும்தான். மேற்கத்தியத் தரவுத்தளங்களோ கடைசியில் வரும் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். கு. மலர்விழி என்று ஓர் ஆய்வாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆய்விதழில் அவர் "மலர்விழி கு" என்று இருப்பார், இன்னொன்றில் "கு மலர்விழி". வெளிநாட்டு இதழ் முழுப் பெயர் கேட்டதால் அப்பா பெயரைச் சேர்த்து "மலர்விழி குமாரசாமி" என்று கொடுத்திருப்பார். அதை மேற்கோள் காட்டியவர்கள் "குமாரசாமி, எம்." என்று எழுதியிருப்பார்கள். ஒரு கட்டுரைகூட எழுதாத அப்பா பெயரில் மகளின் மேற்கோள்கள் சேர்ந்துகொண்டிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாறியிருந்தால் கதை இன்னும் நீளும். ஸ்கோபஸில் இப்படி ஒரே ஆளுக்கு மூன்று, நான்கு ஆசிரியர் பக்கங்கள் இருப்பது சாதாரணம். கூகுள் ஸ்காலரில் இதற்கு நேர்மாறான சிக்கல்: அதே முதலெழுத்தும் பெயரும் கொண்ட வேறு துறைக்காரரின் கட்டுரைகளும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்.

அதனால் முதலில் பெயரின் எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். அவர் வேலை பார்த்த நிறுவனங்களை ஆண்டு வாரியாகக் குறியுங்கள். அவருக்கு ஆர்கிட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது 16 இலக்க அடையாள எண், 2012-லிருந்து வழங்கப்படுகிறது, பெயர் எப்படி மாறினாலும் அது மாறாது. அவர் கல்லூரிப் பக்கத்தில் தற்குறிப்பு இருந்தால் அதிலுள்ள கட்டுரைப் பட்டியலை அடிப்படையாக வையுங்கள். தரவுத்தளம் காட்டும் ஒவ்வொரு கட்டுரையையும் அந்தப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். தேயிலைத் தொழிலாளர்களின் பணி ஈடுபாட்டைப் பற்றி எழுதுகிறவர் பெயரில் பாலிமர் வேதியியல் கட்டுரை தென்பட்டால், அது வேறு ஆள்.

இதைப் படிக்கிற நீங்களே இன்னும் முதல் கட்டுரையை அனுப்பவில்லை என்றால், இன்றைக்கே ஆர்கிட் எண் வாங்குங்கள். இலவசம்தான். பெயரை எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்து, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: எங்கே எண்ணுவது?

ஒரே கட்டுரைக்கு ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எண் காட்டும். எண்ணும் இடம் வேறு என்பதால் எண்ணும் வேறாகிறது, இதில் எதுவும் பொய் இல்லை.

வெப் ஆஃப் சயின்ஸின் வேர் யூஜின் கார்ஃபீல்ட் 1964-ல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணையில் இருக்கிறது. தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களை மட்டும் பார்க்கும், எண் குறைவாக வரும். எல்செவியரின் ஸ்கோபஸ் 2004-ல் வந்தது, அதைவிடக் கொஞ்சம் அகலம். அதே 2004-ல் வந்த கூகுள் ஸ்காலர் கண்ணில் படும் எல்லாவற்றையும் எண்ணும்: நூல், ஆய்வேடு, மாநாட்டுத் தொகுப்பு, அச்சுக்கு முந்தைய வரைவு எல்லாம். எண் மிக அதிகமாக வரும், குப்பையும் கூடவே வரும். 2022-ல் தொடங்கிய ஓபன்அலெக்ஸ் முழுக்க இலவசம், தரவை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். பழைய அலெக்சாண்ட்ரியா நூலகத்தின் நினைவாக வைத்த பெயர், நூலகத்தில் வேலை செய்கிற எனக்கு அதனாலேயே அதன் மேல் ஒரு பிரியம்.

நிறுவன நடத்தையியலுக்கு எது பொருந்தும்? இந்திய ஆய்வாளரைப் பார்க்கிறீர்கள் என்றால் கூகுள் ஸ்காலரை விட முடியாது. உதய் பரீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். பணிப் பாத்திர அழுத்தத்தை, அதாவது வேலையில் வகிக்கும் பொறுப்பால் வரும் அழுத்தத்தை, அளக்க அவர் உருவாக்கிய வினாநிரல் நம் ஊர் ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும். அவருடைய வேலையில் பெரும்பகுதி நூல்களிலும் கைந்நூல்களிலும் இருக்கிறது. ஆங்கில ஆய்விதழ்களை மையமாக வைத்த தளத்தில் மட்டும் தேடினால் அவர் உண்மையில் இருப்பதைவிடச் சிறியவராகத் தெரிவார். வளர்த்தெடுக்கும் தலைமை பற்றி எழுதிய ஜே.பி.பி. சின்காவின் நிலையும் இதுவே.

சந்தா இல்லாத கல்லூரியில் இருக்கிறீர்களா? கவலை வேண்டாம். கூகுள் ஸ்காலர், ஓபன்அலெக்ஸ், செமான்டிக் ஸ்காலர் மூன்றும் இலவசம். ஸ்கோபஸும் தன் முன்னோட்டப் பக்கத்தில் ஆசிரியர் சுருக்கத்தைச் சந்தா இல்லாமலே காட்டுகிறது. அரசு நிறுவனங்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் பெரிய பதிப்பகங்களின் ஆய்விதழ்களைப் படிக்க வழி இருக்கிறது. உங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். படி 6-க்கு முழுக் கட்டுரைகள் தேவைப்படும், அப்போது இது கைகொடுக்கும்.

எந்தத் தளமாக இருந்தாலும் எண்ணுக்குப் பக்கத்தில் தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் எழுதுங்கள். இரண்டும் இல்லாத மேற்கோள் எண்ணுக்கு ஆய்வேட்டில் இடமில்லை.

படி 4: தரவை இறக்குங்கள்

இதற்கு நல்ல கருவி 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' என்ற இலவச மென்பொருள். 2006-லிருந்து இருக்கிறது. உருவாக்கிய ஆன்-வில் ஹார்சிங் சர்வதேச மேலாண்மைத் துறைப் பேராசிரியர், அதாவது நம் பக்கத்து வீட்டுத் துறைக்காரர். ஆசிரியர் பெயரைக் கொடுத்தால் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் அட்டவணையாகத் தரும், எக்செலில் சேமித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். கல்லூரி ஆய்வகத்தில் பத்துப் பேர் ஒரே இணைப்பில் கூகுள் ஸ்காலரைத் தட்டிக்கொண்டிருந்தால், கூகுள் அதை இயந்திரம் என்று நினைத்து "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்டுங்கள்" என்று நிறுத்திவிடும். தேடல்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அதே மென்பொருளில் ஓபன்அலெக்ஸைத் தேர்ந்தெடுங்கள். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் மின்சாரமும் சிக்னலும் போய்ப் போய் வரும் நாட்களில் ஒவ்வொரு தேடலையும் உடனுக்குடன் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். கூகுள் ஸ்காலர் எந்தத் தேடலுக்கும் 1,000 முடிவுகளுக்கு மேல் காட்டாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இறக்கிய அட்டவணையில் ஒரே கட்டுரை இரண்டு, மூன்று வடிவத்தில் இருக்கும். தலைப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூடத் தனிக் கட்டுரையாக எண்ணியிருக்கும். அவற்றை ஒன்றாக்குங்கள். கொஞ்சம் சலிப்பான வேலைதான், ஆனால் எச்-இண்டெக்ஸ் மாறுவது இங்கேதான்.

படி 5: எண்களைக் கணக்கிடுங்கள், ஒப்பிடுங்கள்

ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஆய்வாளருக்குப் பத்துக் கட்டுரைகள். மேற்கோள்கள் இறங்கு வரிசையில் 48, 31, 22, 9, 7, 6, 6, 3, 1, 0. மொத்தம் 133.

எச்-இண்டெக்ஸ் என்பது ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் சொன்ன அளவு: எச் கட்டுரைகளுக்குத் தலா எச் மேற்கோளாவது வந்திருக்க வேண்டும், அப்படி வரும் மிகப் பெரிய எண். வரிசையில் மேலிருந்து இறங்கி வாருங்கள். ஆறாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், சரி. ஏழாவதுக்கும் 6-தான், 7 இல்லை. ஆக எச்-இண்டெக்ஸ் 6. கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ10 என்பது பத்தோ அதற்கு மேலோ மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை. இங்கே அது 3.

இப்போது இந்த இரண்டு எண்ணும் சொல்லாத ஒன்றைப் பாருங்கள். மொத்த மேற்கோளில் முக்கால் பங்கு, அதாவது 133-ல் 101, முதல் மூன்று கட்டுரைகளுக்கு வந்தவை. முதல் கட்டுரை 48-க்குப் பதில் 4,800 மேற்கோள் பெற்றிருந்தாலும் எச்-இண்டெக்ஸ் 6-லேயே நிற்கும். ஒரே ஒரு மாபெரும் கட்டுரையால் துறையையே திருப்பியவரை இந்த எண் கண்டுகொள்ளாது. அதனால் மூன்று விஷயங்களைச் சேர்த்தே எழுதுங்கள்: எச்-இண்டெக்ஸ், மொத்தம், முதல் மூன்று கட்டுரைகளின் பங்கு. ஆண்டு வாரியாக மேற்கோள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு வரைபடமும் போட்டால் நல்லது.

ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டரை ஆய்வாளரின் எண்ணாக எழுதாதீர்கள். அது இதழுக்கான மேற்கோள் சராசரி, அதுவும் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு மட்டும். நிறுவன நடத்தையியலில் ஒரு கட்டுரையை வாசித்து, வினாநிரலை எடுத்து, களத்துக்குப் போய், எழுதி, அச்சாவதற்குள் இரண்டு ஆண்டு ஓடிவிடும். இம்பாக்ட் ஃபேக்டரை வைத்துத் தனி ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்றுதான் 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடி எழுதிய டோரா பிரகடனமும் சொல்கிறது.

ஒப்பிடும்போது ஒரே துறை, ஏறக்குறைய ஒரே ஆண்டில் முதல் கட்டுரை எழுதியவர்கள், ஒரே தளத்தின் எண் என்ற மூன்றும் பொருந்த வேண்டும். மருத்துவ ஆய்வாளரின் எண்ணோடு நம் துறைக்காரரின் எண்ணை வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஸ்கோபஸ் சந்தா இருந்தால் துறைவாரிச் சீரமைத்த மேற்கோள் அளவைப் பாருங்கள். அதில் 1.00 என்பது உலக சராசரி, 1.50 என்றால் சராசரியைவிட 50 விழுக்காடு கூடுதல். சந்தா இல்லையென்றால் நிகரான நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுத்துக் கையாலேயே ஒப்பிடுங்கள், அது போதும்.

தன் மேற்கோளையும் கழித்துப் பாருங்கள். ஸ்கோபஸில் அதற்கு வசதி உண்டு. ஒருவர் தன் முந்தைய வேலையைக் குறிப்பிடுவது குற்றம் அல்ல, தொடர்ச்சியாக ஒரே கேள்வியில் உழைப்பவருக்கு அது வரத்தான் செய்யும். ஆனால் கழித்தபின் பாதி காணாமல் போனால் அதை எழுதத்தான் வேண்டும்.

படி 6: முப்பது இடங்களைத் திறந்து படியுங்கள்

இந்த வழிகாட்டியை நான் எழுதுவதே இந்தப் படிக்காகத்தான். பச்சை இலையை எடை போட்டால் கிலோ தெரியும், அதில் எவ்வளவு 'இரண்டு இலை ஒரு மொட்டு', எவ்வளவு முற்றல் என்பது கையால் அள்ளிப் பார்த்தால்தான் தெரியும். மேற்கோளும் அப்படித்தான்.

உதாரணத்துக்கு ஏமி எட்மண்ட்சனை எடுப்போம். ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் இருப்பவர். 1999-ல் அட்மினிஸ்ட்ரேட்டிவ் சயின்ஸ் குவாட்டர்லி இதழில் அவர் எழுதிய கட்டுரை, பணி அணிகளில் உளவியல் பாதுகாப்பைப் பற்றியது. ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 அணிகளைப் பார்த்தார். தவறை ஒப்புக்கொண்டாலும் கேள்வி கேட்டாலும் தன்னை யாரும் மட்டம் தட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கை அணியில் பொதுவாக இருந்தால், அந்த அணி கற்றுக்கொள்ளும் என்று காட்டினார். அதை அளக்க ஏழு வாக்கியங்கள் கொண்ட அளவுகோலும் கொடுத்தார். கூகுள் ஸ்காலரில் இந்தக் கட்டுரையின் மேற்கோள் பத்தாயிரத்தைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. கருத்து முற்றிலும் புதியதும் அல்ல. ஷைன், பென்னிஸ் இருவரும் 1965-லேயே இதைப் பேசியிருக்கிறார்கள், வில்லியம் கான் 1990-ல் தனிமனித அளவில் எழுதினார். பிறகு கூகுள் நிறுவனம் தன் அணிகளை ஆராய்ந்து இதையே முக்கியம் என்று சொன்னபின், 2016 வாக்கில் பொது வாசகர்களிடமும் போய்ச் சேர்ந்தது. மேற்கோள் வரைபடத்தில் ஏற்றம் தெரிந்தால் இப்படி வெளிக் காரணம் ஏதும் உண்டா என்று தேடிப் பாருங்கள்.

இப்போது அந்தக் கட்டுரைக்குக் கீழே இருக்கும் மேற்கோள் இணைப்பைச் சொடுக்குங்கள். வரும் பக்கத்தில், மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேடு என்ற சிறு பெட்டி இருக்கும். அதில் டிக் போட்டு, ஆங்கிலத்தில் 'பிளான்டேஷன்' என்றோ 'டீ எஸ்டேட்' என்றோ 'தமிழ்நாடு' என்றோ தட்டுங்கள். பெரிய கடலிலிருந்து உங்கள் களத்துக்கு அருகில் இருப்பவை மட்டும் வரும். அவற்றில் பத்து எடுங்கள். கட்டுரை வந்த முதல் ஐந்து ஆண்டுகளில் மேற்கோள் காட்டியவற்றில் பத்து, கடைசி இரண்டு ஆண்டுகளில் காட்டியவற்றில் பத்து. மொத்தம் முப்பது.

ஒவ்வொன்றையும் திறந்து, எட்மண்ட்சன் பெயர் வரும் வாக்கியத்தை அப்படியே எடுத்து எக்செலில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். எனக்குப் பழகிய குறிகள் நான்கு.

முதலாவது, பெயருக்கு மேற்கோள்: "வேலையிடத்தில் உளவியல் பாதுகாப்பு முக்கியமானது" என்று எழுதி அடைப்புக்குறிக்குள் எட்டுப் பெயரைக் கோத்திருப்பார்கள். எடுத்துவிட்டாலும் கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது, அளவுகோல்: "எட்மண்ட்சனின் ஏழு வாக்கியங்களைப் பயன்படுத்தினோம்." மூன்றாவது, வளர்த்தல்: அவர் கண்டதை வேறு சூழலில் சோதித்து, எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்று ஒரு படி முன்னே போயிருப்பார்கள். நான்காவது, மறுத்தல்: மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசுவது வழக்கமில்லாத இடத்தில் இந்தக் கருத்து அப்படியே செல்லாது என்பது போல வாதிட்டிருப்பார்கள்.

உங்கள் முப்பதில் பெயருக்கு மேற்கோள்தான் அதிகமாக இருக்கும், அதிர்ச்சி அடைய வேண்டாம். எந்த ஆய்வாளரை எடுத்தாலும் பெரும்பாலும் அப்படித்தான் வரும். மற்ற மூன்று குறிகளும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதுதான் நமக்கு வேண்டிய சேதி.

அளவுகோல் குறி போட்டவற்றில் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். எட்மண்ட்சனின் கருத்து தனி ஆளைப் பற்றியது அல்ல, அணியைப் பற்றியது. தோட்டத்தில் ஒரே மேஸ்திரியின் கீழ் இலை பறிக்கும் பெண்கள் எல்லாரிடமும் கேட்டு, அவர்கள் பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, அந்தக் குழுவுக்கு ஒரு மதிப்பு கொடுத்திருந்தால் அது அவர் வழி. கோத்தகிரியில் ஒருவர், மஞ்சூரில் ஒருவர் என்று சிதறிய இருநூறு பேரிடம் படிவம் கொடுத்துச் சராசரி எடுத்திருந்தால், பெயர் எட்மண்ட்சன், அளந்தது வேறு. இன்னொன்று: அந்த ஏழில் சில வாக்கியங்கள் எதிர்மறையாக அமைந்தவை, தவறு செய்தால் அது நமக்கு எதிராகவே திரும்பும் என்ற பொருளில். தமிழில் கேட்கும்போது "ஆமாம்" என்று தலையாட்டுவது எதற்கு என்று ஆய்வாளருக்கே குழம்பிவிடும். எதிர்மறை வாக்கியங்களின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டார்களா, தமிழாக்கத்தைச் சரிபார்த்தார்களா என்று அந்த ஆய்வின் வழிமுறைப் பகுதியில் பாருங்கள். இதைப் பார்க்கத் தெரிந்தவருக்கு "ஆயிரம் பேர் இந்த அளவுகோலைப் பயன்படுத்தினார்கள்" என்ற வாக்கியத்தின் கனம் எவ்வளவு என்று புரியும்.

நிறுவன ஈடுபாட்டுக்கு மேயர், ஆலன் இருவரையும் எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். அளவுகோல் வந்தது 1990 கட்டுரையில், மூன்று கூறுகள் கொண்ட கோட்பாட்டு விளக்கம் வந்தது 1991 கட்டுரையில். அளவுகோலைப் பயன்படுத்திவிட்டு 1991-ஐயும், கோட்பாட்டைப் பேசிவிட்டு 1990-ஐயும் காட்டுகிறவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

வழிமுறைக் கட்டுரைகளைத் தனியாக வையுங்கள். பாட்ஸகாஃபும் மற்றவர்களும் 2003-ல் எழுதிய, ஒரே ஆளிடம் ஒரே வேளையில் எல்லாக் கேள்வியையும் கேட்பதால் வரும் சாய்வு பற்றிய கட்டுரை இதற்கு நல்ல உதாரணம். படிவம் கொடுத்து ஆய்வு செய்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகவேண்டிய கட்டுரை என்பதால் அதன் எண் மலைபோல் இருக்கும். அதன் பயன் பெரிதுதான், ஆனால் அதை ஒரு கருத்தின் தாக்கத்தோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

படி 7: எண்ணுக்குள் வராததைத் தேடுங்கள்

அந்தப் பக்கம் பழனி மலையில், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்று வானியலில் அது எவர்ஷெட் விளைவு. பெயரைச் சொன்னாலே போதும், 1909 கட்டுரையைப் பட்டியலில் சேர்க்காமலே எழுதிவிடலாம். கருத்து துறையோடு கரைந்துபோனால் மேற்கோள் நின்றுவிடும் என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் எடுத்துக் காட்டியிருக்கிறார். நம் துறையில், கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் நடத்தை மாறும் என்னும் ஹாதார்ன் விளைவைச் சொல்கிற எத்தனை பேர் மூல ஆய்வைக் காட்டுகிறார்கள்? எனவே பழைய ஆய்வாளரைப் பார்க்கும்போது பெயரைத் தேடுவதோடு அவர் உருவாக்கிய சொல்லையும் தேடுங்கள்.

அடுத்து ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியம், காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நடத்துகிறது. ஆய்வேடுகள் அத்தியாயம் அத்தியாயமாகத் தனிக் கோப்புகளாக இருக்கும். நூற்பட்டியல் கோப்பைத் திறப்பதோடு நிற்காமல் பின்னிணைப்பில் இருக்கும் வினாநிரலையும் பாருங்கள். யாருடைய அளவுகோல் என்பதை அங்கே நேராகக் காணலாம். தமிழ்நாட்டில் ஒரு ஆய்வாளரின் வினாநிரல் எவ்வளவு புழங்குகிறது என்பதை எனக்கு இந்தப் பின்னிணைப்புகள்தான் காட்டின, மேற்கோள் எண்கள் அல்ல.

நம் மலையைப் பற்றிய ஆய்வுக்கு எண் சிறிதாகத்தான் இருக்கும். போட்டோ பிலிம்ஸ் தொழிலாளர்கள் ஆலை மூடியபின் எப்படி நிலைகுலைந்தார்கள், எப்படி நிமிர்ந்தார்கள் என்று ஒருவர் எழுதினால் அதை மேற்கோள் காட்ட உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கமாட்டார்கள். தொழிற்சங்க மனுவில் வந்ததா, துறை அறிக்கையில் வந்ததா, பாடத்திட்டத்தில் வைத்தார்களா என்று விசாரியுங்கள். கிடைத்தால் ஆதாரத்தோடு ஒரு பத்தி எழுதுங்கள். என் கணக்கில் அந்தப் பத்திக்கு எச்-இண்டெக்ஸைவிட மதிப்பு அதிகம்.

படி 8: போலியைச் சலித்து எடுங்கள்

ஒரே சிறு வட்டத்தினர் ஒருவரையொருவர் மாற்றி மாற்றிக் காட்டுவது, தலைப்புக்குத் தொடர்பே இல்லாத கட்டுரையில் ஐந்தாறு மேற்கோள் ஒன்றாக வருவது, ஒரே ஆண்டில் திடீரென்று எகிறி மறு ஆண்டே விழுவது. இவற்றில் எதைக் கண்டாலும் மேற்கோள் காட்டிய கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் பட்டியலான யூஜிசி-கேரை யூஜிசி 2025-ல் கைவிட்டபின் ஆய்விதழின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பு கல்லூரிகளுக்கும் நமக்கும் வந்திருக்கிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும் பலர் தெரியாமல் மேற்கோள் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023-லிருந்து கட்டுரைகளுக்கு நிலையான அடையாள எண் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பு வழியாக இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் ஆய்வாளரின் முக்கியக் கட்டுரைகளை அதில் ஒருமுறை தேடுங்கள்.

படி 9: எழுதுங்கள்

மேலே சொன்ன கற்பனை ஆய்வாளருக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"இவருடைய பத்துக் கட்டுரைகள் கூகுள் ஸ்காலரில் (பார்த்த தேதி) 133 மேற்கோள் பெற்றுள்ளன, எச்-இண்டெக்ஸ் 6. இதில் 101 மேற்கோள் மூன்று கட்டுரைகளுக்கு வந்தவை. பெயரின் நான்கு வடிவங்களும் சரிபார்த்துச் சேர்க்கப்பட்டன. மேற்கோள் காட்டிய 30 கட்டுரைகளைப் படித்ததில் 17 பெயரளவில் குறிப்பிடுகின்றன, 8 அவருடைய அளவுகோலைப் பயன்படுத்துகின்றன, 3 கருத்தை வளர்க்கின்றன, 2 மறுக்கின்றன. அளவுகோலைப் பயன்படுத்திய எட்டில் ஐந்து இந்தியத் தோட்டத் தொழில் பற்றியவை. எனவே இவருடைய தாக்கம் கோட்பாட்டைவிட அளவுகோல் வழியாகவே அமைந்திருக்கிறது."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அதைச் சொல்லும் தைரியம் அந்த முப்பதைப் படித்ததால்தான் வருகிறது. வைவாவில் வெளித் தேர்வாளர் "எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் எக்செல் அட்டவணையைத் திறந்து வாக்கியம் வாக்கியமாகக் காட்டலாம். அந்த அட்டவணையைப் பின்னிணைப்பாகவே சேர்த்துவிடுங்கள். ஆய்வேட்டை ஒப்படைக்கும் முந்தைய வாரம் எண்களை மட்டும் ஒருமுறை புதிதாக எடுத்து, பார்த்த தேதியையும் மாற்றுங்கள்.